பச்சைத் தண்ணீர்

தைஹாப்பே
21-04-1996

யுவனாவின் அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அங்கே நீங்களும் பிள்ளையும் சீதா மச்சாளும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். பிள்ளைக்குத் தொண்டை நோ திரும்பி வந்ததா? சுடுதண்ணியில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளை, சொன்னால் செய்வாள்.

ஓக்லண்டிலிருந்து இவ்வளவு தூரம் நான் தனிய கார் ஓட்டி வந்தேன் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக்கிடக்கும் கடைத்தெருவில் நீங்கள் கத்திக் கத்திப் பழக்கியது வீண்போகவில்லை. இங்கே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நேர்ஸ்மாருக்கான வீட்டில் ஓர் அறை தந்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் செம்மறி ஆடுகள். தமிழ் ஆள் என்று நான் ஒருத்திதான். போன கிழமை இரண்டு பிரசவம் பார்த்தேன். ஊரில் விட்ட வேலை, இத்தனை வருடத்துக்குப் பிறகு மறந்திருக்குமோ என்று பயந்தேன். மறக்கவில்லை.

நேற்றுக் காலை வேலைக்கு வெளிக்கிட்டால் கார் முழுக்க வெள்ளைப் படலம். விரலால் சுரண்டினேன், போகவில்லை. என்னோடு வேலை செய்கிற ஹினே என்ற மாவோரிப் பெண் பார்த்துச் சிரித்தாள். “இது ஒன்றுமில்லை, யூனில் குளிர்காலம் வரட்டும். அதற்கு முதல் காரைக் குளிருக்கு ஆயத்தப்படுத்து” என்றாள். எனக்குக் காரில் தெரிந்தது திறப்பைப் போடவும் பெற்றோல் அடிக்கவும்தான். நீங்கள் ஊரில் ஒரு பஸ் டிப்போவையே கட்டி ஆண்ட எஞ்சினியர். என்னென்ன செய்யவேண்டும் என்று விளக்கமாக எழுதுங்கள். அப்படியே செய்வேன்.

பிள்ளையின் ரொன்சில் ஒப்பரேஷனுக்கு யூலை பத்து என்று கடிதம் வந்ததாகச் சொன்னீர்கள். லீவு கேட்டுவிட்டேன். மயக்க மருந்து கொடுக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அன்புடன்,
விக்னேஸ்வரி


கிளென்ஃபீல்ட்
02-05-1996

அன்புள்ள விக்னேஸ்வரிக்கு,

இங்கு யாவரும் நலம். உமது சுகத்துக்கு ஆண்டவன் துணை. கடிதம் கிடைத்தது. கையெழுத்து அவசரத்தில் எழுதினதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரியில் நேரம் கிடைப்பதில்லைப் போலும்.

காரைப் பற்றிக் கேட்டிருந்தீர். ஆறுதலாக வாசியும்.

குளிரில் முதலில் சாவது பற்றறி. ஸ்ரார்ட் பண்ண முன் லைற், ஹீற்றர், றேடியோ எல்லாவற்றையும் நிறுத்தும். அதன் இரண்டு கம்பி முனைகளிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுடுதண்ணியில் துணியை நனைத்துத் துடைத்து வஸ்லீன் பூசும். ஆனால் கண்ணாடியில் பனி பிடித்தால் ஒருக்காலும் சுடுதண்ணி ஊற்றக்கூடாது, வெடித்துப்போகும். மாலையிலேயே முன் கண்ணாடிக்கு மேல் ஒரு மட்டைப் பெட்டியை விரித்து வையும், காலையில் பனியோடு சேர்ந்து கழன்று வரும். வைப்பர் றப்பரைக் கண்ணாடியில் ஒட்டவிடாமல் தூக்கி நிறுத்தும். கதவு றப்பருக்கும் கொஞ்சம் வஸ்லீன். கடும்பனி நாளில் ஹான்ட் பிறேக் இழுத்துவிட்டுப் படுத்தீர் என்றால் காலையில் சில்லு அசையாது. கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வையும். பெற்றோல் எப்போதும் அரைத் தாங்கிக்கு மேல் நிற்கவேண்டும். பனியில் வழுக்காமல் சில்லைச் சுற்றி மாட்டுகிற சங்கிலி ஒரு சோடி வாங்கும். உமது கார் முன்சில்லால் இழுப்பது, ஆகவே முன்சில்லுக்குத்தான் மாட்டவேண்டும். வெயில் நாளில் இரண்டு தரம் மாட்டிக் கழற்றிப் பழகும். பனியில் விரல் விறைத்தபின் பழக முடியாது. பாலங்களிலும் மர நிழலிலும் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் கிடக்கும். அங்கே பிறேக்கை மிதிக்காதீர், கியரைக் குறைத்து மெல்லப் போம்.

றேடியேற்றரைப் பற்றி நீர் யோசிக்க வேண்டியதில்லை. தண்ணி உறையாமல் இருக்க அதற்குள் ஊற்றுகிற பச்சை மருந்தை நான் போட்டுத்தான் அனுப்பினேன். மூடியைத் திறக்கவேண்டாம். வேறு ஆட்களைத் திறக்க விடவும் வேண்டாம். சின்ன ஊர்க் கராஜ்காரர் இல்லாத பிழை சொல்லுவார்கள்.

யுவனா இப்போது சீதா அக்காவோடுதான் படுக்கிறாள். முதல் கிழமை உம்மைக் கேட்டு அழுதாள். இப்போது கேட்பதில்லை. சந்தோஷப்படுவீர் என்று எழுதுகிறேன். எனக்குக் கார்ப் பாகங்கள் விற்கிற கடையில் அதே வேலைதான். வருகிற பெடியங்களுக்கு பிறேக் சப்பாத்து எடுத்துக் கொடுக்கிறேன். அவர்கள் எனக்கு அது என்னவென்று விளங்கப்படுத்துகிறார்கள்.

இப்படிக்கு,
நரேந்திரன்


தைஹாப்பே
09-06-1996

யுவனாவின் அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் எல்லாரது சுகமும் அறிய ஆவல். பதில் பிந்தினதற்குக் கோபிக்க வேண்டாம். ஒரு மிட்வைஃப் நோய் என்று நின்றுவிட, இரட்டை வேலை பார்த்தேன்.

நீங்கள் எழுதினதெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். இப்போது காரைப் பக்கம் திறந்த கொட்டில் ஒன்றில் விட்டாலும் மட்டைப் பெட்டி விரிக்கிறேன், வைப்பரைத் தூக்கி வைக்கிறேன். அடுத்த அறை நேர்ஸ் என் காரைப் பார்த்துத் தானும் அப்படியே செய்கிறாள். என் கணவர் எழுதி அனுப்பினவர் என்று சொன்னேன். போன சனிக்கிழமை கொஞ்சம் பனி கொட்டினது. யுவனா பார்த்தால் துள்ளியிருப்பாள்.

சங்கிலி மாட்டப் பழக்கியது ஹினேயின் தம்பி. ரவுணில் கராஜ் வைத்திருக்கிறான். போகும்போது, “அன்ரிஃபிறீஸ் பார்த்துவிட்டாயா?” என்று கேட்டான், நீங்கள் எழுதின அந்தப் பச்சை மருந்தைத்தான்.

“என் கணவர் எஞ்சினியர். அவர் போட்டுத்தான் அனுப்பினவர்.”

“மூடியைத் திறந்து நிறத்தைப் பார்த்தால் போதும். ஒரு நிமிட வேலை.”

“வேண்டாம்” என்றேன். அவன் கையைக் கொண்டுபோக, நான் பொனற்றுக்கு மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். மரியாதையில்லாமல் நடந்தேனோ என்று பிறகு வெட்கமாக இருந்தது.

இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரி மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, ஒரு வருடத்துக்குப் பிறகும் நிற்க விருப்பமா, நிரந்தரமாக எடுக்கலாம், குடும்பத்துக்கு வீடும் தரலாம் என்றா. நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் வயோறுவில் பெரிய ஆமிக் காம்ப் இருக்கிறது. அங்கே லொறி திருத்துகிற இடத்துக்குப் படித்த ஆட்கள் தேவையாம். மேட்ரனின் கணவருக்கு அங்கேதான் வேலை, அவரிடம் உங்கள் பெயரைச் சொல்லி வைக்கிறேன் என்றா. வெளிநாட்டுச் சான்றிதழ் என்று தள்ளமாட்டார்களாம். நாங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருக்கலாம். யோசித்து எழுதுங்கள்.

பிள்ளைக்கு என் முத்தங்கள். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் வந்துவிடுவேன்.

அன்புடன்,
விக்னேஸ்வரி


கிளென்ஃபீல்ட்
17-06-1996

விக்னேஸ்வரிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

எனக்கு வேலை பார்த்துக் கொடுத்ததற்கு நன்றி. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுகிறதுபோல் தேடியிருக்கிறீர். உமது மேட்ரனின் கணவர் என் பெயரைச் சரியாக உச்சரித்தாரா? ஐந்நூறு பஸ்ஸுக்குப் பொறுப்பாக இருந்தவன் பெண்சாதியின் சிபாரிசில் ஆமிக்காரனின் லொறிக்கு எண்ணெய் போடுவான் என்று நீர் எப்படி நினைத்தீர் என்று எனக்கு விளங்கவில்லை. இதை சீதா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்கும் விளங்கவில்லை.

நிரந்தரம் என்ற கதையை என்னிடம் கேட்கமுன் மேட்ரனிடம் கதைத்திருக்கிறீர். ஒரு வருடம் என்றுதான் நான் சம்மதித்தேன். ஒரு வருடமே கூட. அந்தக் குளிருக்குள் ஒரு பெண் தனிய நின்று பிடிக்கமாட்டாள் என்று அப்போதே சொன்னேன். நீர் கேட்கவில்லை. சரி, குளிர் சொல்லட்டும்.

கராஜ்காரனைத் தடுத்தது நல்லது. இனியும் தடும்.

யூலை பத்து, காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். பிள்ளை தன் பொம்மைக்கு எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், அம்மா வருவா என்று. வராவிட்டால் அவளுக்கு மறுமொழி சொல்ல நான் ஆயத்தமில்லை.

நரேந்திரன்


கிளென்ஃபீல்ட்
14-07-1996

அன்புள்ள விக்னேஸ்வரிக்கு மச்சாள் எழுதிக்கொள்வது,

சுகமாய் இருக்கிறீரோ? இருப்பீர் எண்டுதான் நினைக்கிறன். பிள்ளை சுகமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

ஒன்பதாந் திகதி பின்னேரம் முழுக்க அவள் ஜன்னலடியை விட்டு அரக்கேல்லை. ஒவ்வொரு காருக்கும் எழும்பி எழும்பிப் பாத்தாள். சாப்பிடக் கூப்பிட்டன், வரேல்லை. கடைசியாய் நரேன்தான் போய்ப் பக்கத்திலை இருந்து, “அம்மாவுக்கு வேலை கூடவாம், வரேலாதாம்” எண்டு சொன்னவன். அவள் அழேல்லை. பொம்மையைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டுப் படுத்திட்டாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியிலைதான் அழுதவள். மயக்க மருந்து குடுக்கிற அறைக்குள்ளை ஒராளைத்தான் விட்டவை. நான் போனன். என்ரை கையைத் தட்டிவிட்டாள். இரண்டு நேர்ஸ் பிடிக்க வேண்டியதாப்போச்சு. ஒப்பரேஷன் சரியாய் முடிஞ்சுது. ஆனால் மற்ற நாள் வீட்டிலை ரத்தம் கக்கினாள். தலைகாணி முழுக்க ரத்தம். திரும்பக் கொண்டோடி, திரும்ப மயக்கி, திரும்பத் தைச்சவை. இப்ப ஐஸ்கிறீம்தான் சாப்பாடு. கதைக்கேலாது.

ஆற்றையோ பிள்ளைகளைப் பிறப்பிக்கிறது பெரிய வேலைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ஒரு ரெலிபோன் எடுத்திருக்கலாம். நரேன் ஒண்டும் கதைக்கிறானில்லை. அவனைப் பாக்கப் பாவமாய்க் கிடக்கு.

உடம்பைப் பாத்துக்கொள்ளும்.

சீதாதேவி


தைஹாப்பே
23-07-1996

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தைக் கட்டிலில் இருந்து வாசித்தேன். இடது தோளெலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. வலது கை நல்லாக இருக்கிறது, எழுத முடிகிறது. பிள்ளை எப்படி இருக்கிறாள்? காய்ச்சல் இருக்கிறதா? வாயில் திரும்ப ரத்தம் தெரிந்தால் ஒரு நிமிடமும் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம்.

நான் ரெலிபோன் எடுத்தேன், மச்சாள். நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டாந் திகதி, விடிய வெளிக்கிட வசதியாக இருக்கட்டும் என்று காரைக் கொட்டிலில் விடாமல் வெளியில் றோட்டைப் பார்க்க நிறுத்தினேன். அன்றைக்குத்தான் இந்த வருடத்திலேயே பெரிய பனி. காலையில் ஸ்ரார்ட் ஆனது. கொஞ்சம் முனகினது, குளிர்தானே என்று நினைத்தேன். வயோறு தாண்டி, டெஸேர்ட் றோட் என்கிற மேட்டு வழியில் ஏறினதும் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. நானே இறங்கிச் சங்கிலி மாட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது. திரும்ப எடுத்துக் கொஞ்சத் தூரந்தான், சூடு காட்டுகிற ஊசி சிவப்பில் போய் நின்றது. முன்னால் புகை. எஞ்சின் ஏதோ உடைகிறமாதிரிச் சத்தம் போட்டு, நடு றோட்டில் நின்றது. முன்னும் பின்னும் ஒன்றும் தெரியாத வெள்ளை. பின்னால் வந்த வான்காரனுக்கு என்னைத் தெரியவில்லை.

ஆமிக்காரர்தான் தூக்கிக்கொண்டு போனவர்கள். காம்பில் டொக்டர் கட்டுப் போடமுன் முதல் வேலையாக ரெலிபோன் கேட்டு வாங்கினேன். மத்தியானம் இருக்கும். இவர்தான் எடுத்தார். “கார் நின்றுபோச்சு. ஒரு வான் வந்து இடிச்சுப்போட்டுது. தோள் முறிஞ்சிட்டுது. பிள்ளையிட்டைக் குடுங்கோ” என்றேன்.

“குளிக்கிறாள்” என்றார்.

“அப்ப சொல்லுங்கோ, அம்மா வெளிக்கிட்டவ, வழியிலை அடிபட்டிட்டா எண்டு. வேணுமெண்டு வராமல் விடேல்லை எண்டு சொல்லுங்கோ.”

“சரி” என்றார். எங்கே முறிந்தது என்று கேட்கவில்லை. நோகுதா என்று கேட்கவில்லை. வைத்துவிட்டார். உங்களிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

காரை ஹினேயின் தம்பி கட்டி இழுத்து வந்தான். நேற்று என்னைப் பார்க்க வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். றேடியேற்றரில் மருந்து ஒரு துளியும் இல்லையாம். குழாய்த் தண்ணிதானாம். அது இரவில் ஐஸாகி எஞ்சின் இரும்பையே பிளந்துவிட்டதாம். சின்னப் பனிகளை எல்லாம் கொட்டில்தான் காப்பாற்றியிருக்கிறது என்றான்.

மச்சாள், அவர் மறந்துபோனாரா? உங்கள் வீட்டு வாசலில் நின்றுதானே காரை ஆயத்தப்படுத்தினார். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

விக்கி


தைஹாப்பே
23-07-1996

யுவனாவின் அப்பாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

காரில் இருந்தது வெறும் தண்ணி. மறந்துபோனீர்களா? மறந்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் நம்புவேன். ரெலிபோனைப் பற்றியும் கேட்கமாட்டேன். இந்த ஒரு வரி போதும்.

விக்னேஸ்வரி


கிளென்ஃபீல்ட்
01-09-1996

அன்புள்ள விக்னேஸ்வரிக்கு,

இங்கு யாவரும் க்ஷேமம். உமது தோள் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். உடன் பதில் எழுத முடியவில்லை. கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, அதற்குப் பிறகு எனக்குத் தடிமனும் காய்ச்சலும்.

இங்கே வசந்தம் தொடங்கிவிட்டது. அக்காவின் வளவில் எலுமிச்சை நிறையக் காய்த்திருக்கிறது. யுவனா நன்றாகத் தேறிவிட்டாள். தொண்டை முற்றாக ஆறி, முன்னையிலும் நன்றாகச் சாப்பிடுகிறாள். வாசிப்பில் வகுப்பில் முதலாம் ஆளாம். தமிழில் கேட்டால் இங்கிலிஷில்தான் மறுமொழி. நான் திருத்துவதில்லை. அம்மா எங்கே என்று கூட்டாளிப் பிள்ளை ஒன்று கேட்டபோது, வேலையில் என்று சொன்னாள். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. புத்தியுள்ள பிள்ளை.

உடைந்த காரை வைத்துக்கொண்டு அந்த ஊரில் நீர் என்ன செய்யப்போகிறீர்? எஞ்சின் பிளந்த கார் இரும்புக் கடைக்குத்தான். அதை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து சேரும். ஒரு முறை முயன்று பார்த்தீர், சரிவரவில்லை, அவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நடந்ததைப் பற்றி இங்கே உம்மை யாரும் ஒரு சொல் கேட்கமாட்டோம். நானும் கேட்கமாட்டேன். உமது அலுமாரி அப்படியே இருக்கிறது.

மேட்ரனுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறேன். கையெழுத்து வைத்தால் போதும்.

என்றும் அன்புடன்,
நரேந்திரன்


கிளென்ஃபீல்ட்
10-09-1996

விக்னேஸ்வரிக்கு,

நாங்கள் சுகம். நீர் சுகமாய் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுறன்.

நரேன் இவ்வளவு தன்மையாய் எழுதியும் நீர் மறுமொழி போடேல்லையாம். ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைப் பாக்கிறான். நீர் எனக்கு எழுதினதுக்கு நான் பேசாமல் இருந்தது, புருசன் பெண்சாதிக்குள்ளை ஏன் தலையைக் குடுப்பான் எண்டுதான். இப்ப நீர் பிடிவாதம் பிடிக்கிறபடியால் சொல்லுறன்.

அவன் ஒண்டையும் மறக்கேல்லை. மறக்கிற ஆளே அவன்? அந்தப் பச்சை மருந்து காரிலை இருந்ததுதான். நீர் வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் என்ரை வளவுக்குள்ளைதான் அதை இறக்கி ஊத்தினவன். பிறகு பூக்கண்டுக்குத் தண்ணி விடுற குழாயாலை பச்சைத் தண்ணியை நிரப்பினவன். ஏனடா எண்டு கேட்டன். “ஒரு பெரிய பனிக்குக் கார் நிண்டிடும். நிண்டால் பயந்து வீட்டை வந்திடுவாள்” எண்டான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சின்ன வயசிலையும் அப்பிடித்தான். நாங்கள் கோயிலுக்குப் போகேக்கை தன்னை விட்டுட்டுப் போகக்கூடாதெண்டு எங்கடை செருப்பை ஒளிச்சு வைப்பான்.

உமக்கு ஒரு கெடுதி வரவேணுமெண்டு அவன் நினைக்கேல்லை. வீட்டிலைதான் கார் நிக்குமெண்டு நினைச்சான், நீர் றோட்டிலை கொண்டுபோவீர் எண்டு அவன் கண்டானே? உம்மை வீட்டுக்கு எடுக்கத்தான் செய்தவன். பெண்சாதியிலை ஆசை இல்லாத ஒருத்தன் இப்பிடிச் செய்வானே? ஒரு எலும்புதான், பொருந்தியிட்டுது. ஆரும் சாகேல்லை. பெரிசுபடுத்தாமல் வந்து சேரும்.

பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுறது? அவள் இப்ப அமைதியாய் இருக்கிறாள். கிளறாதேயும்.

சீதாதேவி


கிளென்ஃபீல்ட்
20-10-1996

விக்னேஸ்வரிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

பள்ளிக்கூட லீவில் நீர் வந்துபோனதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பஸ்ஸால் இறங்கி, ஒரு சின்னப் பையோடு படியேறி வந்தபோது நீர் திரும்பி வந்துவிட்டீர் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அக்கா உமக்கென்று நண்டு சமைத்திருந்தா. நீர் கதிரையில்கூட இருக்கவில்லை.

பிள்ளை அக்காவுக்குப் பின்னால் போய் நின்றாள். நான் பகிடியாகத்தான் சொன்னேன், “அம்மாவைக் கேள், ஏன் அன்றைக்கு வரேல்லை எண்டு.” அதற்கு நீர் செய்தது என்ன? அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவளுக்கு வடிவாக விளங்கட்டும் என்று இங்கிலிஷில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னீர். “அப்பா என் காருக்குள் இருந்த மருந்தை எடுத்துவிட்டார். கார் உடையவேண்டும் என்று எடுத்தார். கார் உடைந்தது. எனக்கு அடிபட்டது. உனக்குச் சொல்லச் சொல்லி ரெலிபோன் எடுத்தேன். அவர் உனக்குச் சொல்லவில்லை.” சட்டையை விலக்கி, எலும்பு பொருந்தின இடத்தில் அவளுடைய விரலைப் பிடித்து வைத்துக் காட்டினீர்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “உண்மையா, அப்பா?” என்று கேட்டாள்.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா, “பிள்ளைக்கு முன்னாலை என்ன கதை” என்று கத்தினா. நீர் அவவைப் பார்க்கவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர். அப்போது உமது முகத்தில் இருந்ததை நான் பத்து வருடத்தில் கண்டதில்லை. யுவனா போய்த் தன் சப்பாத்தைப் போட்டாள். யாரும் போடச் சொல்லவில்லை. இடதும் வலதும் மாறிப் போட்டிருந்தாள், அப்படியே உம்மோடு படியிறங்கினாள்.

நான் என்ன செய்திருந்தாலும் விக்கி, ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லலாமா? தாயில்லாமல் அவள் ஒரு மாரியைக் கடத்திவிட்டாள். தகப்பன் இல்லாமல் ஒரு ஆயுளைக் கடத்த வைக்கப் பார்க்கிறீர்.

அவள் என்னைக் கேட்கிறாளா? டிசம்பரில் நத்தார் லீவுக்கு அவளை இங்கே அனுப்பும். நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். நீர் என்ன எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன். அன்று கேட்ட அந்த ஒரு வரியையும் எழுதுகிறேன்.

நரேந்திரன்


தைஹாப்பே
24-11-1996

யுவனாவின் அப்பாவுக்கு,

இருவரும் சுகம். மச்சாளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அந்த வரியை எழுத வேண்டாம். அதை நம்பியிருக்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது. உங்களுக்கு நான் ஒரு மாதத்துக்கு மேல் தந்தேன்.

மேட்ரன் சொன்ன வீட்டுக்கு வந்துவிட்டோம். நிரந்தர வேலைக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன். வேறொரு கார் எடுத்திருக்கிறேன். வரும் மாரிக்கு அதற்கு வேண்டியதை நானே பார்ப்பேன், அதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டாம். பிரிவுக்கான கடிதம் லோயரிடமிருந்து வரும்.

யுவனாவைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கு அவளைப் பற்றி அறிய உரிமை இருக்கிறது, ஆகவே எழுதுகிறேன். உங்களைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. உங்கள் படத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன், எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றாள். இப்படிச் சொல்ல அவளுக்கு எங்கே தெரிந்தது என்று தெரியவில்லை. நத்தாருக்கு அங்கே போக விருப்பமா என்று நீங்கள் கேட்டபடியே கேட்டேன். “அப்பா உண்மையில் வருவாரா, வருவார் என்று சொல்லுகிறாரா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அப்படியென்றால் போகவில்லை என்றாள். நான் வற்புறுத்தமாட்டேன்.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதை எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது வேறு விதமாகத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் அந்தக் கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டு, “அம்மாவைக் கேள்” என்றதும் எல்லாம் போய்விட்டது. அவளுக்குச் சொல்லுகிறேன் என்று உங்களுக்குத்தான் சொன்னேன். உங்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு வேண்டியிருந்தது. பார்த்தேன். பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை.

இப்போது பார்க்கிறேன். நான் வேலைக்குப் போனால், போகிறேன் என்று சொன்ன இடத்துக்குத்தான் போகிறேனா என்று ஜன்னலால் பார்க்கிறாள். சோற்றில் உப்புப் போட்டேன் என்றால் நக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். நாளைக்கு மழை வரும் என்றால், யார் சொன்னது என்கிறாள்.

போன வியாழக்கிழமை வார்டில் நிற்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு ரெலிபோன் வந்தது. என்னவோ ஏதோ என்று பயந்து ஓடினேன். ரீச்சர்தான் பேசினா. யுவனா காலையிலிருந்து தொல்லைப்படுத்துகிறாளாம், அம்மா உண்மையிலேயே ஆஸ்பத்திரியில்தான் நிற்கிறாவா என்று எடுத்துக் கேட்கச் சொல்லி. போனை அவளிடம் கொடுத்தா.

“இங்கேதான் நிற்கிறேன், பிள்ளை. மூன்று மணிக்கு வந்து உன்னைக் கூட்டிப்போவேன்” என்றேன்.

“ஹினேயிடம் கொடு” என்றாள்.

கொடுத்தேன். ஹினே என்னைப் பார்த்துக்கொண்டே, “ஓம் கண்ணே, நிற்கிறா. எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறா” என்றாள். அதற்குப் பிறகுதான் பிள்ளை போனை வைத்தாள்.

விக்னேஸ்வரி